பீரோவுக்குள் பூட்டிய மூச்சு: இன்ஹேலர்களைப் பற்றி ஆசிரியர்கள் அறிய வேண்டியவை

சென்ற கல்வியாண்டில் ஆண்டுவிழாவுக்கு முந்தைய நாள். எங்கள் நடுநிலைப் பள்ளியில் பெஞ்சுகளை வெளியே எடுத்துப் போட்டு, ஒட்டடை அடித்து, வகுப்பறைகளைப் பெருக்கிக்கொண்டிருந்தோம். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னருகில் வந்து நின்றாள். "டீச்சர், மூச்சு..." என்றாள். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. தோள்கள் ஏறி ஏறி இறங்கின. இழுப்புச் சத்தம் எனக்கே கேட்டது.

அவளிடம் இன்ஹேலர் உண்டு என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவள் பையிலிருந்து அதை வாங்கித் தலைமை ஆசிரியர் அறையின் பீரோவில் வைத்ததே நான்தான். இரண்டு வாரங்களுக்கு முன் வகுப்பில் இரு பையன்கள் அதை எடுத்து ஒருவர் முகத்தில் ஒருவர் அடித்து விளையாடினார்கள். மருந்தோடு விளையாட்டா என்று கண்டித்துவிட்டு, பத்திரமாக இருக்கட்டும் என்று உள்ளே வைத்துப் பூட்டினேன். அன்று பீரோ சாவி தலைமை ஆசிரியரின் கைப்பையில் இருந்தது. அவர் வட்டாரக் கல்வி அலுவலகக் கூட்டத்தில் இருந்தார்.

108க்கு அழைத்தோம். உடன் பணிபுரியும் ஆசிரியர் இருசக்கர வாகனத்தில் போய்ச் சாவியை வாங்கி வர கால் மணி நேரம் ஆயிற்று. இன்ஹேலரைக் கையில் கொடுத்ததும் அவள் வாயில் வைத்து அழுத்தினாள். மருந்து புகைபோல வாயோரமாக வெளியே வந்தது. மீண்டும் அழுத்தினாள், மீண்டும் அதே புகை. அதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

மருத்துவமனையில் செவிலியர் அதே இன்ஹேலரை வாங்கி, ஒரு பிளாஸ்டிக் குடுவையில் பொருத்தி, குடுவையின் மறுமுனையை அவள் வாயில் வைத்து மூச்சு விடச் சொன்னார். சிறிது நேரத்தில் அவள் முகம் தெளிந்தது. மருந்தும் அதேதான், ஆளும் அதே ஆள்தான். அந்தக் குடுவை மட்டுமே புதிது.

"டீச்சர், இது நல்ல மருந்துதான். ஆனா பாப்பாவுக்கு உள்ளேயே போகல. வாயிலயும் தொண்டையிலயும் ஒட்டிக்கிச்சு. இதை எப்படிப் பிடிக்கணும்னு யாராவது சொல்லிக் கொடுத்திருக்கணும்" என்றார் அவர். சொல்லிக் கொடுப்பதே தொழிலாகக் கொண்ட எனக்கு அந்தச் சொல் தைத்தது. இருபது ஆண்டுகளாக அறிவியல் ஆசிரியர். சுவாச மண்டலத்தின் படத்தைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். ஆனால் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் மூச்சுக்குழலுக்கு மருந்து எப்படிப் போகிறது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்றிலிருந்து மருத்துவரிடமும் செவிலியரிடமும் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே பகிர்கிறேன்.

மூச்சுக்குழலில் நடப்பது என்ன?

ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக் கிளைக்குழல்களின் உட்சுவர் எப்போதும் சற்றே அழற்சியுடன் இருக்கும். தூசி, புகை, சளிக்காய்ச்சல், குளிர்காற்று, ஓட்டம் என்று ஏதோ ஒன்று தூண்டியதும் மூன்று மாற்றங்கள் நடக்கின்றன. குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. உட்சுவர் வீங்குகிறது. சளி அதிகமாகச் சுரக்கிறது. குழல் குறுகும்போது காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதே அதிகக் கடினமாகிறது. வீசிங் என்று நாம் சொல்லும் சத்தம் அதனால் வருவதுதான்.

இதற்கான மருந்துகள் இரண்டு வகை. இறுகிய தசையைத் தளர்த்துவது முதல் வகை. இதை நிவாரண மருந்து எனலாம். சால்புடமால் இதற்கு நல்ல உதாரணம். சில நிமிடங்களில் வேலை செய்யத் தொடங்கும், நான்கு முதல் ஆறு மணி நேரம் பலன் தரும். அழற்சியைத் தணிப்பது இரண்டாம் வகையான தடுப்பு மருந்து. புடெசோனைடு, பெக்லோமெதசோன், புளூட்டிகசோன் ஆகியவை இதில் அடங்கும். மருத்துவர் சொன்ன காலம்வரை, நன்றாக இருக்கும் நாட்களிலும் விடாமல் எடுக்க வேண்டியவை இவை. நிவாரண இன்ஹேலர் பெரும்பாலும் நீல நிறத்தில் வருகிறது. ஆனாலும் நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. நிறுவனத்துக்கு நிறுவனம் நிறம் மாறும். பெயரைப் படித்துப் பார்ப்பதே சரி.

ஒரு குழந்தைக்கு நிவாரண மருந்து வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டால், ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்று பொருள். உலக அளவிலான ஆஸ்துமா சிகிச்சை வழிகாட்டுதல், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நிவாரண மருந்தை மட்டும் தனியாகக் கொடுப்பதை 2019 முதல் பரிந்துரைப்பதில்லை. அழற்சியைத் தணிக்கும் மருந்தும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்கிறது. "நீல இன்ஹேலர் இருக்கே, அது போதும்" என்று பெற்றோர் சொன்னால், மீண்டும் ஒருமுறை மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாத்திரையே போதாதா?

அந்த மாணவியின் அம்மா என்னிடம் கேட்டார்: "இன்ஹேலர் பழகிடும்னு சொல்றாங்களே டீச்சர், மாத்திரையே கொடுத்துக்கலாமா?" ஊரெல்லாம் உள்ள அச்சம் இது. அவருக்கு நான் ஒரு கணக்கைத்தான் காட்டினேன்.

சால்புடமால் இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். சால்புடமால் மாத்திரை ஒன்றில் இருப்பது 4 மில்லிகிராம், அதாவது 4000 மைக்ரோகிராம். நாற்பது முறை அழுத்தினால் வரும் மருந்து ஒரே மாத்திரையில் இருக்கிறது. மாத்திரை வயிற்றுக்குப் போய், இரத்தத்தில் கலந்து, உடல் முழுதும் சுற்றிய பிறகே நுரையீரலுக்கு வருகிறது. கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு எல்லாம் அதனால் கூடுகின்றன. இன்ஹேலர் மருந்து நேராகக் குழலுக்கே போகிறது. அதனால்தான் குறைந்த அளவு போதும், வேகமாகவும் வேலை செய்யும். இன்ஹேலர் அடிமையாக்குவதில்லை. கண்ணாடி போட்டவர் தினமும் போடுவதை நாம் அடிமைத்தனம் என்று சொல்வதில்லையே.

ஆனால் 'நேராகக் குழலுக்குப் போகிறது' என்பதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. மருந்துத் துகள் 1 முதல் 5 மைக்ரான் அளவில் இருக்க வேண்டும். நம் தலைமுடியின் தடிமனே 50 முதல் 100 மைக்ரான் வரும். அதைவிடப் பல மடங்கு சிறிய துகள்தான் கிளைக்குழல்களைச் சென்றடையும். பெரிய துகளும், வேகமாகப் பாயும் துகளும் தொண்டைத் திருப்பத்தில் மோதி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். எல்லா இன்ஹேலர் கருவிகளும் இந்த ஒரு சிக்கலைத் தீர்க்க வந்தவையே. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் தீர்க்கிறது.

அழுத்தி எடுக்கும் இன்ஹேலர்

இதன் பிறப்பே ஒரு பள்ளி மாணவியின் கேள்வியில்தான் இருக்கிறது. 1955இல் அமெரிக்காவின் ரைக்கர் ஆய்வகத்தின் தலைவராக இருந்தவர் ஜார்ஜ் மேசன். ஆஸ்துமா இருந்த அவருடைய பதின்மூன்று வயது மகள், கூந்தலுக்கு அடிக்கும் ஸ்பிரே போல என் மருந்தையும் ஒரு டப்பாவில் அடைத்துத் தரக்கூடாதா என்று கேட்டாள். அடுத்த ஆண்டே, 1956இல், அளவாக மருந்து தரும் இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் கண்ணாடிக் குப்பியையும் ரப்பர் பந்தையும் வைத்துக்கொண்டு பிழிந்து பிழிந்து மருந்தை இழுத்தார்கள்.

சிறிய உலோகக் குப்பிக்குள் மருந்தும் உந்துவாயுவும் அழுத்தத்தில் இருக்கின்றன. அழுத்தும் ஒவ்வொரு முறையும் வால்வு ஒரே அளவு மருந்தை வெளியே விடுகிறது. சட்டைப் பையில் அடங்கும், பொதுவாக 200 முறை வரும், மின்சாரம் வேண்டாம்.

மருந்து மிக வேகமாகப் பீய்ச்சி வருவதுதான் இதன் குறை. மூச்சை உள்ளே இழுக்கத் தொடங்கும் அதே நொடியில் அழுத்த வேண்டும். சற்று முந்தினாலும் பிந்தினாலும் மருந்து வாயோடு போய்விடும். எங்கள் மாணவிக்கு நடந்தது இதுதான். பெரியவர்களே தடுமாறும் இடத்தில், மூச்சுத் திணறும் குழந்தை என்ன செய்யும்?

சரியான முறை இது: மூடியைக் கழற்றி நன்றாகக் குலுக்க வேண்டும். நேராக உட்கார்ந்து மூச்சை முழுதாக வெளியே விட வேண்டும். உதடுகளால் இறுக்கமாகக் கவ்வி, வாய் வழியே மெதுவாக மூச்சை இழுக்கத் தொடங்கியதும் ஒருமுறை அழுத்தி, நிற்காமல் தொடர்ந்து இழுக்க வேண்டும். மல்லிகையை முகரும்போது இழுப்போமே, அந்த நிதானம் வேண்டும். பிறகு பத்து வரை எண்ணும் நேரம் மூச்சை அடக்க வேண்டும். அடுத்த முறைக்கு முன் அரை நிமிடமாவது இடைவெளி விட்டு, மீண்டும் குலுக்க வேண்டும்.

குப்பியைத் தண்ணீரில் மிதக்கவிட்டு மருந்து இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் தவறு. உந்துவாயு மிச்சமிருந்தாலும் மிதக்கும், மருந்து தீர்ந்திருக்கலாம். எண் காட்டும் சாளரம் இருந்தால் அதைப் பாருங்கள், இல்லையென்றால் அழுத்திய எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள்.

சூழலியல் பாடத்துக்கு ஒரு செய்தி: பழைய இன்ஹேலர்களில் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் குளோரோபுளூரோகார்பன் இருந்தது. 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரீல் ஒப்பந்தத்தைத் தொடர்ந்து அது படிப்படியாக நீக்கப்பட்டது. இப்போது உள்ள உந்துவாயு ஓசோனைத் தொடாது. ஆனால் அதுவும் பசுங்குடில் வாயுதான்.

ஸ்பேசர் என்னும் குடுவை

மருத்துவமனையில் நான் பார்த்த பிளாஸ்டிக் குடுவைக்கு ஸ்பேசர் என்று பெயர். ஒரு முனையில் இன்ஹேலரைச் செருக வேண்டும், மறுமுனை வாயில். அழுத்தியதும் மருந்து குடுவைக்குள் நின்று வேகம் தணிகிறது. பெரிய துகள்கள் குடுவைச் சுவரிலேயே படிந்துவிடுகின்றன. நுண்துகள்கள் காத்திருக்கின்றன. குழந்தை இயல்பாக நான்கைந்து முறை மூச்சு விட்டால் போதும். அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நொடியில் நடக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தொண்டையில் படியும் மருந்தும் குறைகிறது.

மூன்று வயது வரை முகமூடியுடன் கூடிய ஸ்பேசர், நான்கு வயது முதல் வாயில் வைக்கும் ஸ்பேசர் என்பது பொதுவான நடைமுறை. ஒரு நேரத்தில் ஒருமுறை மட்டுமே அழுத்த வேண்டும். நான்கு முறை ஒரே மூச்சில் அடித்துவிட்டு இழுத்தால் மருந்து வீணாகும். கழுவும்போது சோப்பு நீரில் முக்கி எடுத்து, துடைக்காமல் காற்றில் உலர விட வேண்டும். துணியால் துடைத்தால் நிலைமின்னூட்டம் உண்டாகி, துகள்களைச் சுவர் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டுகளை ஈர்க்கும் சோதனையை நாம் செய்துகாட்டுகிறோமே, அதே அறிவியல்தான்.

கடையில் ஸ்பேசர் சில நூறு ரூபாய் ஆகும். அதுவும் முடியாத இடத்துக்கு ஒரு வழி உண்டு. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகர மருத்துவர்கள் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் அளவுக்குத் துளையிட்டு, இடைவெளி இல்லாமல் ஒட்டி, பாட்டில் வாய் வழியே குழந்தைகளை மூச்சு விடச் செய்தார்கள். அது கடை ஸ்பேசருக்கு இணையாக வேலை செய்ததை 1999இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். பிளாஸ்டிக் குவளை அந்த அளவு பலன் தரவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. மருத்துவரிடம் ஒருமுறை காட்டிச் சரிபார்த்துக்கொண்டு பயன்படுத்தலாம்.

தூள் இன்ஹேலர்

நம் ஊர்களில் அதிகம் பார்க்கும் ரோட்டாஹேலர் இந்த வகை. காப்ஸ்யூலைக் கருவியில் செருகி, திருகினால் அது பிரிந்து தூள் வெளிவரும். உந்துவாயு கிடையாது. குழந்தையின் மூச்சு இழுக்கும் விசைதான் தூளைக் கிளப்பி உள்ளே கொண்டுபோகிறது. அழுத்தும் நொடியைக் கணக்கிட வேண்டியதில்லை. காப்ஸ்யூல்களைத் தேவைக்கேற்பக் கொஞ்சமாக வாங்க முடிவதால் பல குடும்பங்களுக்கு இதுதான் கட்டுப்படியாகிறது.

ஆனால் இங்கே மெதுவாக இழுத்தால் தூள் கிளம்பாது. வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். இளநீரின் கடைசிச் சொட்டை ஸ்ட்ராவில் உறிஞ்சும் விசை வேண்டும். முன் சொன்ன இன்ஹேலருக்கு நேர் எதிர் இது. இரண்டு கருவியும் வைத்திருக்கும் குழந்தைக்கு இந்தக் குழப்பம் நிச்சயம் வரும். ஐந்து, ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளால் இந்த விசையைத் தர இயலாது. கடுமையான மூச்சுத்திணறலின்போது பெரிய பிள்ளைகளாலும் முடியாமல் போகலாம்.

கருவிக்குள் மூச்சை விடவும் கூடாது. ஈரம் பட்டால் தூள் கட்டிப்போகும். அடைமழைக் காலத்தில் காப்ஸ்யூலைப் பட்டையிலிருந்து முன்கூட்டியே பிரித்து வைப்பது வீண். எடுத்த பிறகு திறந்து பார்த்து, தூள் மிச்சமிருந்தால் மீண்டும் ஒருமுறை இழுக்க வேண்டும்.

ஆண்டுவிழாச் சம்பவத்துக்குப் பிறகு வகுப்பு வகுப்பாக விசாரித்தபோது, நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன் தனக்கும் வீசிங் மருந்து உண்டு என்றான். எப்படி எடுக்கிறாய் என்றேன். "தண்ணி ஊத்தி முழுங்குவேன் டீச்சர்" என்றான். பார்வைக்கு மாத்திரை மாதிரியே இருப்பதால் அவன் பாட்டி அப்படித்தான் கொடுத்துவந்திருக்கிறார். நுரையீரலுக்கென்று அளந்த அந்தச் சிறு அளவு வயிற்றுக்குப் போய் என்ன செய்யும்? மருந்து கொடுத்தும் கேட்கவில்லை என்று அந்த வீட்டில் மாதக்கணக்கில் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

நெபுலைசர்

மின்சாரத்தில் இயங்கி, திரவ மருந்தைப் பனிபோல மாற்றி முகமூடி வழியே தருவது நெபுலைசர். சும்மா மூச்சு விட்டால் போதும் என்பது இதன் வசதி. ஆனால் ஒரு முறைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும், மின்சாரம் வேண்டும், முகமூடியையும் குழாயையும் சுத்தமாக வைக்காவிட்டால் தொற்று வரும்.

'மிஷின் வைத்தால்தான் கேட்கும்' என்ற நம்பிக்கை நம்மிடையே வலுவாக இருக்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மருத்துவ மதிப்பீடுகள் வேறு சொல்கின்றன. உயிருக்கு ஆபத்தான நிலை தவிர்த்த மற்றத் தாக்குதல்களில், ஸ்பேசருடன் கூடிய இன்ஹேலர் நெபுலைசருக்குச் சற்றும் குறைந்ததில்லை. படபடப்புப் போன்ற பக்கவிளைவு குழந்தைகளுக்குக் குறைவாகவே இருக்கிறது. ஆபத்தான நிலையில் ஆக்சிஜனும் மருத்துவமனையும் தேவை. அங்கே நெபுலைசருக்கு இடமுண்டு.

எது சிறந்தது?

• ஆறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு: ஸ்பேசருடன் இன்ஹேலர்.
• ஆறு வயதுக்கு மேல்: ஸ்பேசருடன் இன்ஹேலர் அல்லது, விசையாக இழுக்க முடிந்தால், தூள் இன்ஹேலர்.
• திடீர்த் திணறலுக்கு எந்த வயதிலும்: ஸ்பேசருடன் நிவாரண இன்ஹேலர்.
• ஸ்டீராய்டு கலந்த தடுப்பு மருந்து, எந்தக் கருவியானாலும்: எடுத்த பின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லையேல் வாயில் பூஞ்சைப் படிவு வரலாம்.

கருவியைத் தேர்ந்தெடுப்பது மருத்துவரின் வேலை. ஆனால் குழந்தை அதைச் சரியாகப் பயன்படுத்துகிறதா என்று கவனிக்க, தினமும் ஏழு மணி நேரம் உடனிருக்கும் நம்மால் முடியும். குழந்தையால் சரியாகப் பயன்படுத்த முடிகிற கருவியே அந்தக் குழந்தைக்குச் சிறந்த கருவி.

பள்ளியில் நாம் செய்யக்கூடியவை

முதலில், இன்ஹேலரைப் பூட்டி வைக்காதீர்கள். விவரம் தெரிந்த பிள்ளைகளிடமே இருக்கட்டும். சிறு குழந்தைகளுடையதை வகுப்பாசிரியர் மேசையில், பெயர் எழுதி, எளிதில் எடுக்கும் இடத்தில் வையுங்கள். வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம்.

கல்வியாண்டின் தொடக்கத்தில் பெற்றோரிடம் எழுத்துப்பூர்வ ஒப்புதலும், எந்த மருந்து, எத்தனை முறை என்று மருத்துவர் எழுதிய குறிப்பும் வாங்கி வையுங்கள். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் வீசிங் உள்ள குழந்தைகளைத் தவறாமல் காட்டுங்கள். 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டப் பரிசோதனைப் பட்டியலில் இந்நோயும் இருக்கிறது.

திணறல் வந்தால் குழந்தையை நேராக உட்கார வையுங்கள். படுக்க வைக்காதீர்கள், சுற்றிக் கூட்டம் சேர விடாதீர்கள். ஆஸ்திரேலியப் பள்ளிகளில் சொல்லித் தரும் முறை நினைவில் வைக்க எளிது: நிவாரண இன்ஹேலரை ஸ்பேசர் வழியே ஒவ்வொன்றாக நான்கு முறை, ஒவ்வொன்றுக்கும் நான்கு மூச்சு, பிறகு நான்கு நிமிடம் காத்திருப்பு. தேறாவிட்டால் மீண்டும் நான்கு. அப்போதும் தேறாவிட்டால் ஆம்புலன்ஸ். உங்கள் குழந்தைக்கு மருத்துவர் வேறு அளவு எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமை, விலா எலும்பிடையே தோல் உள்வாங்குதல், உதடு நீலமாதல், சோர்ந்து மயங்குதல் ஆகியவை தெரிந்தால் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். மருந்தைக் கொடுத்துக்கொண்டே அழையுங்கள். திணறல் தொடரும்போதே இழுப்புச் சத்தம் நின்றுபோனால் அது நல்ல அறிகுறி அல்ல. காற்றே போகவில்லை என்று பொருள்.

பெருக்கும்போதும் ஒட்டடை அடிக்கும்போதும் இக்குழந்தைகளை வெளியே அனுப்புங்கள். ஈரத்துணியால் கரும்பலகையைத் துடையுங்கள். விளையாட்டு வகுப்பிலிருந்து இவர்களை ஒதுக்காதீர்கள். ஓடும்முன் மருந்து எடுக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டால் போதும்.

ஒவ்வோர் ஆண்டும் மே மாத முதல் செவ்வாய்க்கிழமை உலக ஆஸ்துமா தினம். நமக்கு அப்போது கோடை விடுமுறை. அதனால் எங்கள் பள்ளியில் ஜூன் மாதப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசுகிறோம். இந்த ஆண்டு அந்த மாணவியே முன்னால் வந்து ஸ்பேசரில் இன்ஹேலரைப் பொருத்திக் காட்டினாள். நான்காம் வகுப்புச் சிறுவனின் பாட்டி முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும் அவளை அருகில் அழைத்து, "இன்னொரு தரம் காட்டு கண்ணு" என்றார்.

அவள் இன்ஹேலர் இப்போது அவள் பையின் முன் ஜிப்புக்குள் இருக்கிறது. பள்ளிக்கென்று வாங்கிய ஸ்பேசர், கழுவி உலர்த்தி, என் மேசையின் பூட்டில்லாத இழுப்பறையில் இருக்கிறது. உங்கள் பள்ளியில் யாருடைய இன்ஹேலர் எங்கே இருக்கிறது என்று நாளைக் காலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.